இரண்டாம் கூட்டம்

யாழ் பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை வாசல்.
வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கே வந்தாச்சு.
தவநிதி மிஸ்ஸி கோப்பையை நீட்டுகிறார்.
கரைத்த சுண்ணாம்பு மாதிரி, வாழைப்பழ எசன்ஸ் மணத்தோடு.
"பேரியம். மளமளவெண்டு குடியுங்கோ."

பேரியமா?
உன் ஆட்களை எனக்குத் தெரியும்.

உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து
என் கேத்தில் அடியில் பொருக்காய் ஒட்டியது
உன் அண்ணன் கல்சியம்.
ஒரு காலம் எங்கள் கூரைக்கு மேல்
பரா வெளிச்சமாய்த் தொங்கி
பங்கர் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூடக்
காட்டிக்கொடுத்தது மூத்தவன் மகனீசியம்.
வல்வெட்டித்துறை வாணத்தின் சிவப்பு
நடுவிலான் ஸ்ட்ரொன்சியம்.

உள்ளே எத்தனை அடுக்கு, யார் எண்ணினார்?
வெளிவாசலில் நிற்பது
எல்லா வீட்டிலும் இரண்டே இலத்திரன்.
வருகிறவர் பேசுவது அந்த இரண்டோடு.
கொடுத்தனுப்புவதும் அந்த இரண்டைத்தான்.

அதனால்தான் எலும்பு ஏமாறுகிறது.
கல்சியம் என்று நினைத்து
ஸ்ட்ரொன்சியத்துக்குக் கதவு திறக்கிறது.
(வெளியே தெரிந்ததை வைத்தே
ஆளை முடிவுகட்டிய ஒரு சோதனைச்சாவடி
ஞாபகம் வருகிறது. அதை விடுவம்.)

ஒன்றுபோல் என்றால் ஒன்றே இல்லை.
சல்பேற்றானால்
மகனீசியம் கரைந்து வயிற்றைக் கழுவும்.
நீ கரையமாட்டாய்.
கரைந்தால் நஞ்சு என்பதால்
உன் பிடிவாதம்தான் இன்று என் மருந்து.

குடித்தேன்.
"அசையாதேங்கோ."
திரையில் வெள்ளையாய் வளைந்து இறங்குகிறாய்.
உனக்குப் பின்னால், மங்கிய வெள்ளையில்,
என் முள்ளந்தண்டு.

அண்ணனும் தம்பியும்
ஒரே படத்தில்.