தண்ணிப்பட்டை

குலசேகரம் அரசு ஆஸ்பத்திரி, கட்டுக் கட்டும் அறை.
விடியற்காலையிலிருந்து மழை.
மழையென்றால் பால்வெட்டு இல்லை,
அதனால்தான் ஸ்டெல்லாபாய் வந்திருக்கிறாள்.

இடது முன்கை, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே
ஒன்றரை இஞ்ச்.
நெற்றி விளக்கு மங்கிய நேரம்
கத்தி மரத்தை விட்டுக் கைக்கு வந்ததாம்.
"நாலு நாள் லீவு எடுத்திருக்கலாமே?"
"நானூறு மரமும் லீவு எடுக்குமா சிஸ்டர்?"

உப்புநீரில் நனைத்துத் துணியை உரிக்கிறேன்.
சிவப்பு, ஓரத்தில் முத்துநிறம்.
ஆளில்லாத வயல்போலத் தெரிகிறது,
ஆனால் உள்ளே ஒரே பேச்சு.

வெட்டு விழுந்த கணமே
ஓரத்துச் செல்கள் கூப்பிட்டிருக்கும்.
ஒலி இல்லை. புரதத் துணுக்குகள்தான் வார்த்தை.
ரத்தத்திலிருந்து வெள்ளையர்கள் இறங்கி வந்து
கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்தார்கள்
(திங்கட்கிழமை நான் துடைத்தெறிந்த சீழ் அவர்கள்தான்).

பிறகு வந்தவர்களுக்கு வேறு வேலை.
மயிர்க்காலின் இடுப்பில் சின்னப் புடைப்பு ஒன்று உண்டு,
அங்கே மூலச்செல்கள்
முடி முளைக்கும் முறை வரும்வரை தூங்கிக் கிடக்கும்.
அவற்றின் காதருகே போய்ச் சொன்னார்கள்:
முடியை விடு, இப்போது தோல் வேண்டும்.
மேலே மூச்சுக்காற்று குறைவு,
சர்க்கரையை எரித்துக்கொண்டு நட.
எழுந்து நடந்திருக்கின்றன.
அந்த முத்துநிறம் அவற்றின் நடை.

ஸ்டெல்லாபாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:
"மரத்துலயும் தண்ணிப்பட்டைண்ணு ஒண்ணு உண்டு சிஸ்டர்.
கத்தி அதுவரை போவப்பிடாது,
ஒரு அரிசி கனம் விட்டுப்போடணும்.
தொட்டா மரம் முழை கட்டும்,
பெறவு அந்த எடத்துல ஒரு கத்தியும் ஓடாது.
தொடாம விட்டா, ஏழெட்டு வருசத்துல
புதுப்பட்டை வந்து நிக்கும்."

பழைய தழும்பு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது.
அதை ஒட்டிய முனை சீக்கிரம் மூடியிருக்கிறது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.
ஒருதரம் புண்பட்ட தோலின் செல்கள்
அதை நினைவில் வைத்திருக்கும் என்று படித்தேன்,
அடுத்த கூப்பாட்டுக்கு முந்தி எழும்புமாம்.
ரிஜிஸ்டரில் இதற்குக் கட்டம் இல்லை.
'ஆறி வருகிறது' என்று எழுதுகிறேன்.

நினைவு நல்லதுதான் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

என் யூனிஃபார்ம் கைக்குக் கீழே, முழங்கையில்,
பத்து ரூபாய் நாணயம் அகலத்தில்
வெள்ளிச் செதில். பதினோரு வருஷம்.
கத்தி இல்லை, கிருமி இல்லை,
அதே பேச்சு மட்டும்.
கள்ளன் என்று ஒருவன் கத்த,
கேட்டவன் ஓடி வர,
ஓடி வந்தவனைக் கண்டு முதல்வன் இன்னும் கத்த,
தோல் கட்டிக்கொண்டே இருக்கிறது
இல்லாத வெட்டுக்கு.
களிம்பு போட்டால் போகும்.
திரும்பி வந்தால் அதே இடம்தான்,
வீடு தெரிந்த பூனை மாதிரி.

புதுத் துணி வைத்துச் சுற்றிக் கட்டுகிறேன்.
பிளாஸ்டர் கிழிக்கக் கை தூக்கியபோது
அவள் பார்த்துவிட்டாள்.
கேட்கவில்லை. கொஞ்சநேரம் மழையைப் பார்த்தாள்.

"செல மரம் உண்டு சிஸ்டர்,
வெட்டிப் பால் எடுத்த பெறவும் நிக்காது.
மத்தியானம் வரை சொட்டும்.
சிரட்டை நெறஞ்சு வேருல ஒழுகும்."

"அதுக்கு என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? பெரிய சிரட்டையா வைப்போம்."

எண்பத்தேழாம் டோக்கன் வாசலில் நிற்கிறார்,
காலில் ஆணி.
ஸ்டெல்லாபாய் குடையை விரித்தாள்.
சனிக்கிழமை மழை இருந்தால் வருவாள்.