புல்வெட்டி வந்த காலை

செந்தூல் அடுக்குமாடிக்குப் பின்புறம்
மின்கம்பிகளுக்குக் கீழே
என் பதினோரு கத்தரிச் செடிகள்.

இடையெல்லாம் பருப்புக்கீரை தவழ்கிறது.
தொட்டாற்சுருங்கி கணுக்காலைக் கீறுகிறது.
பிடுங்குவதை மார்ச்சில் விட்டேன்.
உயர்ந்ததை மட்டும் மடக்கி
அங்கேயே படுக்கவைக்கிறேன்.
அடியில் விரல் விட்டால்
உச்சி வெயிலிலும் ஈரம்;
ஒரு மண்புழு
எரிச்சலோடு நகர்ந்துகொள்கிறது.

எதிர்ப்பாத்தி லியோங்கின் மண்
வழித்துத் துடைத்த தட்டு.
நாலு மணி மழை அதில் பாதியைக்
கால்வாய்க்கு இழுத்துப்போகும்.
மண்வெட்டியோடு பின்னாலேயே இறங்குவார்,
என்னைப் பார்க்காமல்.

இன்று மாநகர் மன்றத்தின் புல்வெட்டி.
இயந்திரத்தை அணைத்துவிட்டு
ஷொஃபிகுல் கேட்டான்:
"அக்கா, இதில் எது செடி?"

காட்டத் தொடங்கினேன்.
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
கை
வேலிவரை போய்விட்டது.