வரிசை எண் 1140

ரைவிஸ் வட்டைக் காதருகே வைத்துக் கேட்டான்,
தேங்காய் வாங்குகிறவனைப் போல.
"சொடுக்குகிறது. ஒரு மாதம் ஓடும்.
அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.
எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வை.
மென்பொருள் தானாகவே பார்த்துக்கொள்ளும்."

தானாகவே.
அந்த ஒரு சொல்லை நம்பி
எழுபத்தொன்பது யூரோவுக்குப் புது வட்டும்
ஒரு வருடச் சந்தாவும் வாங்கிக்கொண்டு
கடைசி டிராமில் வீடு வந்தேன்.
லியெபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
சன்னல் இடுக்கில் நுழையப் பார்த்தது, முடியவில்லை,
மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

முதல் கேள்வி எளிது. பெயர்: இங்குனா.
அடுத்தது கடவுச்சொல்.
அதற்கடுத்தது: இதை மறந்துவிட்டால்
எங்களாலும் உதவ முடியாது, புரிந்ததா?
புரிந்தது என்று குறியிட்டேன்.
புரியாதவர்களுக்கென்று கட்டம் எதுவும் இல்லை.

பிறகு: காப்பா, ஒத்திசைவா, பிரதிபலிப்பா?
மூன்றுக்கும் அதே மேகம், அதே நீலம்,
அம்புகள் மட்டும் வேறு வேறு பக்கம்.
ஒத்திசைவைத் தொட்டேன்.
சண்டை போடாத சொல்லாகத் தெரிந்தது.

பதினொரு வருடம் நகர ஆரம்பித்தது:
சலவை இயந்திரங்கள், மின்சாரப் பல்துலக்கிகள்,
காரில் குழந்தையைக் கட்டிவைக்கும் இருக்கைகள்,
பனி அள்ளும் எந்திரம் ஒன்று.
அவற்றின் கையேடுகளையெல்லாம்
லாத்விய மொழி பேசவைத்தவள் நான்,
சொல்லுக்கு நான்கு சென்ட்.
நாற்பத்தொரு சதவீதத்தில் பட்டை நின்றது.
கறுப்பு ரொட்டி வெட்டினேன், தேநீர் போட்டேன்.
நாற்பத்தொன்று.
மீதம் மூன்று நிமிடம் என்றது.
பிறகு பத்தொன்பது மணி நேரம் என்றது.
பிறகு மூன்று நிமிடம்.
பொய் சொல்கிறவனுக்குக்கூட
முன்பு சொன்னது கொஞ்சம் நினைவிருக்கும்.

இடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று
மடிக்கணினியில் பழைய ரசீதுகளை அழித்தேன்.
மேகத்திலும் அழிந்தன.
புது வட்டிலும் அழிந்தன.
வரி அலுவலகம் கேட்டிருக்கும் 2021 முழுவதும்
மூன்று இடத்திலும் ஒரே சீராக
இல்லாமல் இருந்தது.
ஓ, ஒத்திசைவு என்பது இதுதானா.

மீட்கப் போனபோது அந்தப் பெட்டி வந்தது:

தொலைவானது உள்ளூரானதை மீறுகிறது.
வைத்திருக்கவா?
ரத்துசெய் / ரத்துசெய்யாமல் விடு

எதை வைத்திருக்க?
எதை ரத்துசெய்ய? வைத்திருப்பதையா,
மீறுவதையா, நான் மீட்க வந்ததையா?
எந்த மடையன் எழுதினான் இதை என்று
சுவரைப் பார்த்துக் கத்தினேன்.
மேல்வீட்டு நாய் ஒரே ஒரு தரம் குரைத்தது.

இன்னொரு தடவை படித்தேன்.
மீறுகிறது.
அந்த இடத்தில் அந்த வினைச்சொல்லை
யாரும் போடமாட்டார்கள்.
நான் போடுவேன்.

நவம்பர், 2016.
ரீகாவிலிருந்து ஏலிடா அனுப்பிய விரிதாள்,
இரண்டாயிரம் வரிசை, திங்கள் காலைக்குள் வேண்டும்.
படம் இல்லை, திரை இல்லை,
எதற்குப் பின் எது வரும் என்று ஒரு வரி இல்லை.
வரிசை எண் 1140-இல் ஒற்றைச் சொல்: வைத்திரு.
எதை என்று கேட்டு எழுதினேன்.
சூழலுக்கேற்ப, என்று பதில் வந்தது.

சூழல் எட்டு வருடம் கழித்து வந்திருக்கிறது,
இரவு ஒன்றே முக்காலுக்கு,
என் அடுக்களை மேசைக்கு.

அந்த விரிதாள் பழைய வட்டில் இன்னும் இருந்தது.
சொடுக்கிச் சொடுக்கி, முனகலோடு திறந்தது.
மூலத்திலும் அவ்வளவுதான்.
பக்கத்துக் குறிப்புக் கட்டம் காலி.
அதை எழுதியவளிடமும்
யாரும் எதையும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
மொழிபெயர்ப்பில் பிழை கண்டீர்களா? தெரிவியுங்கள்.
அதுவும் என்னுடையதுதான்.
அது மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

ரத்துசெய்யாமல் விடு என்பதை அழுத்திவிட்டு
திரையைப் பார்க்காமல் ரொட்டித் துணுக்குகளை
உள்ளங்கையில் கூட்டினேன்.
திரும்பியபோது
பட்டை நாற்பத்திரண்டில் இருந்தது.