மேலும் கீழும்

வெலிகோ தர்னோவோவில்
எட்டுப் பேர் அறையில் எனக்கு மேல்படுக்கை.
கீழே யோஸ்ட், டச்சுக்காரன்.
குறட்டை விடுமுன்பே மன்னிப்புக் கேட்டு
எல்லோருக்கும் காதடைப்பான் விநியோகித்தவன்.
அவன் புரண்டால் நான் ஆடுவேன்.
நான் இறங்கினால் அவன் மூக்கருகே என் குதிகால்.
ஒரு வாரமாக இவ்வளவு நெருக்கம்,
அவன் முழுப்பெயர் தெரியாது.

சமையலறையில் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.
எங்கிருந்து, அடுத்து எங்கே,
இதுவரை எத்தனை நாடு.
கடைசிக் கேள்வி மட்டும்
சம்பளத்தை விசாரிப்பதுபோல் தாழ்ந்த குரலில்.
குளிர்பதனப் பெட்டியில் ஒவ்வொரு தயிருக்கும்
உரிமையாளர் பெயர், கிளம்பும் தேதி.
கழிவறைக்கு நான் எடுத்துப் போகும் தண்ணீர் பாட்டிலை
எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை.

ஃபகுந்தோ மட்டும் எதிலும் பெயர் எழுத மாட்டான்.
அர்ஜென்டினாவிலிருந்து சுமந்து வந்த சுரைக்குடுக்கையில்
மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றி
ஒரே உறிஞ்சு குழாயை வட்டமாக அனுப்புவான்.
அண்ணாந்து குடித்தே பழகிய வாய் என்னுடையது.
முதல் நாள் எச்சில் என்று பின்வாங்கினேன்.
மூன்றாம் நாள்
என் முறை எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் தலைக்கு வேறு இலக்கணம்.
மேலும் கீழும் ஆட்டினால் இல்லை.
பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம்.
நம்முடையதோ
இரண்டுக்கும் நடுவில் எட்டுப் போடும்.
பனிட்சா இருக்கிறதா என்றேன் ரொட்டிக்கடையில்.
கடைக்காரி பலமாக இடவலமாய் ஆட்டினாள்.
நன்றி சொல்லிப் படியிறங்கியவனைத்
துரத்தி வந்து கையில் திணித்தாள், ஆவி பறக்க.

கதவுகளில், பஸ் நிறுத்தத்தில், மரத்தின் அடியில்
கறுப்புக் கரை கட்டிய தாள்கள், நடுவில் ஒரு முகம்.
தேர்தலா என்று படமெடுத்தான் யோஸ்ட்.
காணாமல் போனவர்கள் என்றாள் யுன்சோ.
அந்த எழுத்தில் அட்சரம் தெரியாத நான்
தெருமுனையிலிருந்தே படித்துவிட்டேன்:
கண்ணீர் அஞ்சலி.
கூலிங் கிளாஸ் போட்டு வருந்தும் நண்பர்கள்
கீழே வரிசையாக இல்லை,
அவ்வளவுதான்.

எங்கள் விடுதிக் கதவிலும் ஒன்று இருந்தது.
ஒரு வாரமாக அதில் கை வைத்துத் தள்ளித்தான்
உள்ளே போய் வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை விடுதிக்காரி ருமியானா
அவித்த கோதுமையைப் பிளாஸ்டிக் கப்புகளில் நிரப்பி
மேலே சர்க்கரைப் பொடி தூவி வைத்தாள்.
இலவசச் சிற்றுண்டி என்று
யுன்சோ இரண்டு எடுத்துக்கொண்டாள்.
ருமியானா கதவைக் காட்டினாள், மீசைக்காரரை.
பிறகு தன் மோதிரத்தை.
பிறகு ஆறு விரல்கள். ஆறு மாதம்.
மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றுபோயின.
துப்புவதா விழுங்குவதா என்று
யோஸ்ட் என்னைப் பார்த்தான்.
சாப்பிடுங்கள் என்றேன்,
என் வீட்டுத் திவசம்போல.

அப்போதுதான் கேட்டாள் என்னிடம்,
அவளுக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் இரண்டை எடுத்து:
அப்பா இருக்கிறாரா?
இருக்கிறார்.
தலையாட்டினேன்,
மேலும் கீழும்.

சிலுவை போட்டுக்கொண்டாள்.
என் கப்பில் இன்னொரு கரண்டி வைத்தாள்.
அது யாருக்கு என்று எனக்கு ஒரு நொடி பிடித்தது.
திருத்தியிருக்கலாம்.
அவள் கை என் தோளில் இருந்தது.
அப்பாவின் பங்கையும்
நின்ற இடத்திலேயே மென்று முடித்தேன்.
நன்றாக வெந்திருந்தது.

ராத்திரி படுக்கையிலிருந்து போன் செய்தேன்,
நாலு மாதத்தில் இரண்டாம் முறை.
பணம் தீர்ந்துபோச்சா என்றார்.
இல்லை.
சாப்பிட்டியா.
கோதுமை.
வெறும் கோதுமையா? யார் குடுத்தா?
தெரிஞ்சவங்க.
ம். நல்லாத்தானே இருக்க?

தலையாட்டினேன்.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
ஹலோ என்றார், கேக்குதா, ஹலோ.
கீழே யோஸ்ட் புரண்டான்.
கட்டில் ஆடியது.