ஒன்பதாம் டிப்பரில் வந்தவன்

வெள்ளவத்தையில் கடல்
தண்டவாளத்தின் அடிமண்ணைத் தின்னத் தொடங்கிய வருடம்
எனக்குக் கல் எண்ணும் வேலை.
இரவு பத்துக்கு முதல் டிப்பர்.
இலக்கம், நேரம், தொன், சாரதியின் கையொப்பம்.
கல்லுக்கென்று ஒரு பத்தியும் கிடையாது.

ஒன்பதாவது டிப்பர் கொட்டிவிட்டுப் போனபின்
சிறுநீர் கழிக்க ஒதுங்கிய கிறேன்காரன் விமலதர்ம
அங்கிருந்தே கூப்பிட்டான்:
"மல்லி, இங்க ஒரு ஆள் கிடக்கிறான்."
பிணம் என்று நினைத்து ஓடினேன்.
இந்தக் கரைக்கு அதுவும் வருவதுதான்.

ஆள்தான்.
ஒரு சாண் உயரம்.
தலை ஒரு பொட்டு. உடம்பு ஒரு கீறல்.
மடித்து ஊன்றிய முழங்காலை மட்டும்
அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொத்தியிருந்தது.
கொத்தியவனுக்கு முழங்கால் வலி
இருந்திருக்க வேண்டும்.
வில் வளைந்திருந்தது.
நாண் காதுவரை, காது இல்லாவிட்டாலும்.
அம்பு முனையிலிருந்து நாலு விரல் தள்ளி
கல் முடிந்துவிட்டது.
விளிம்பில், வெடி வைக்கத் துளைத்த குழியின்
சரி பாதி.

யாரை, எதை?

போன் வெளிச்சத்தில்
எட்டாம் லோட்டைப் புரட்டினேன், ஏழாம் லோட்டைப் புரட்டினேன்.
காலை நண்டு கவ்வியது.
ஒரு சின்னக் கல்லில் நாய் கிடைத்தது,
வால் நிமிர்ந்து, நாலு காலும் நிலத்தில் படாமல்.
இன்னொன்றில் இரண்டு புள்ளி.
குளம்பாக இருக்கலாம்,
துளைக்கருவி வழுக்கிய தடமாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டாம் டிப்பர் சாரதி சந்தனம்
பிளேன்டீயை ஊதி ஊதிச் சொன்னார்:
"அந்தப் பாறை மூணா பிரிஞ்சிச்சு தம்பி.
ஒரு பங்கு உங்களுக்கு. ஒரு பங்கு பாணந்துறைக்கு.
மிச்சத்த மெசின்ல போட்டு சல்லியாக்கிட்டாங்க."
நிமிர்ந்து பார்த்தேன்.
மரீன் டிரைவில் பதினாலு மாடி, பதினாறு மாடி,
எல்லாவற்றிலும் லைட்.
ஏதோ ஒரு வீட்டுக் கூரைத்தட்டுக்குள்
கொம்பு இருக்கிறது, கொங்கிறீற்றாய்.
கீழே ஒரு குடும்பம்
டீவி பார்த்துக்கொண்டிருக்கிறது.

திணைக்களத்துக்குப் போன் எடுத்தேன்.
காவலாளி: சனிக்கிழமை ராத்திரி, தம்பி. திங்கள் எடுங்கோ.
இஞ்சினியர் இன்பரூபனுக்கு எடுத்தேன்.
"எத்தனை தொன்?"
இரண்டரை வரும்.
"அருமையான அளவு. அடிவரிசையில போடு.
மூணு மணிக்குக் கடல் ஏறும்."

சங்கிலியில் தொங்கியபடி கேட்டான் விமலதர்ம,
தொங்கியது கல், கேட்டது அவன்:
"எந்தப் பக்கம் பார்க்க வைக்கட்டும்?"

கடலைப் பார்த்தால்
அலைக்கு மேல் அலையாக எய்ய வேண்டி வரும்.
கரையைப் பார்த்தால்
காலை ஆறு நாற்பது ரெயிலில்
மிதிபலகையில் தொங்குகிற அத்தனை பேரும்
அம்புக்கு நேரே.
"பாணந்துறைப் பக்கம்" என்றேன்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டு முறை தூக்கி, இரண்டு முறை இறக்கி,
சரியாகத் தெற்கே வைத்தான்.
முதல் அலை அவன் முழங்காலை நனைத்தது.
அதற்குமேல் பதின்மூன்றாம் டிப்பர்.

திங்கட்கிழமை உண்மையாகவே வந்தார்கள்.
பர்ஹானா என்று ஓர் அதிகாரி, குடையோடு.
இடத்தைக் காட்டினேன்.
நுரையைப் படம் எடுத்தார்.
"விலங்கு ஏதும் இருந்ததா?"
காவற்குடிலுக்குள் வைத்திருந்த நாயைக் காட்டினேன்.
அளந்தார். சுண்ணாம்புத் தூள் தட்டினார். எழுதினார்:
நாய் ஒன்று. ஓடும் நிலை.
வேறு உருவம் இல்லை.

சாக்கில் சுற்றி வானில் ஏற்றினார்கள்.
நூதனசாலைக்குப் போகிற வழியெல்லாம்
அது திரும்பிக் கடலையே பார்த்துக்கொண்டு போயிருக்கும்
என்கிறான் விமலதர்ம.

அதற்குக் கண்ணே இல்லை.
நான் பார்த்தேன்.