நாற்பது நிமிடத் தாமதம்

கலாமாவில் மழை என்பது பாடப்புத்தகத்தில் பெய்வது.
அப்படியொரு ஊரின் பள்ளியில், வெள்ளி மதியம்,
சுவரில் போர்வையைக் கட்டிப் படம் போட்டேன்.
மலிவான படம். செவ்வாய்க் கிரகத்தில் நான்கு பேர்,
அட்டைப்பெட்டிக் கதவு,
அடுப்படி அலுமினியத் தாளில் தைத்த உடை.
சிவந்த மண் திரையில் விரிந்ததும் யெர்கோ கத்தினான்:
"டீச்சர், இது நம்ம சுரங்கத்துக்குப் பின்னால இருக்கிற மேடு!"
உற்றுப் பார்த்தோம். அதேதான்.
செவ்வாயின் ஓரத்தில் லாமாப் புழுக்கை.
வயிறு வலிக்கச் சிரித்தது வகுப்பு.

என் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தக் காட்சி வந்துவிட்டது.
காற்றுக் குழாயில் விரிசல். ஒருத்தி பூமியிடம் கேட்கிறாள்:
என்ன செய்யட்டும்?
கேள்வி போய்ச்சேர இருபது நிமிடம்.
பதில் வந்துசேர இன்னொரு இருபது.
கையிருப்புக் காற்று பதினைந்துக்குத்தான்.
காலுறையைக் கழற்றினாள். பிசினில் தோய்த்தாள். சுற்றினாள்.
பூமியின் பதில் வந்தபோது
தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
பதில் தவறு, அதுவும் கூட.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
பதினேழு வருடம்
கை முழுசாக உயரும் முன்பே
விடையை ஊட்டிவிட்ட வாய் என்னுடையது.
காலுறையைக் கழற்ற ஒருவருக்காவது
நேரம் கொடுத்திருக்கிறேனா?

திங்களன்று பலகையில் எழுதினேன்:
இன்றுமுதல் நான் பூமி.
என் பதில் நாற்பது நிமிடம் கழித்து வரும்.
"வகுப்பே நாற்பத்தைந்து நிமிஷம்தானே" என்றாள் டமாரிஸ்.
ஆமாம், என்றேன்.

முதல் வாரம் பாழ்.
இரண்டு பேர் தூங்கினார்கள், ஒருவன் மேசையில் பெயர் செதுக்கினான்.
சுரங்க லாரி ஓட்டும் டமாரிஸின் அப்பா வந்து
"சும்மா உட்காரவா சம்பளம்?" என்றார்.
தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே
செனோரா மமானிக்கு என்ன ஆயிற்று என்று நின்றார்.
அவர்களுக்கு எப்படிச் சொல்வேன்,
தெரிந்த விடையைச் சொல்லாமலிருப்பது
தும்மலை அடக்குவது போல, கண்ணில் நீர் வரும் வேலை என்று.

இரண்டாம் வாரம், சூரியத் தகடும் குட்டி மின்விசிறியும்.
சுற்றவில்லை.
யெர்கோ என்னைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.
பிறகு தகட்டின் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தான்.
சுற்றியது, ஆனால் பின்பக்கமாகக் காற்று.
எட்டுத் தலைகள் ஒன்றாய்க் குனிந்தன,
சண்டை, ஒரு ஒட்டுநாடா, இன்னொரு சண்டை.
"கம்பிகளை மாற்றிப் போடு" என்று நான் வாய்திறந்த நேரம்
விசிறி அவர்கள் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.
என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கொஞ்சம் வலித்தது. மறைக்க மாட்டேன்.

ஒருநாள் மணியடித்த பின்னும் நயாரெத் பையை மூடவில்லை.
"டீச்சர், இன்னிக்கு வீட்டுக்குப் போகணுமா?"
அந்தக் கேள்விக்கு நான் பூமி இல்லை.
இருபது விநாடிகூட இல்லை தாமதம்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
படத்தில் இந்தக் காட்சி கிடையாது, எனவே
நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சென்ற வியாழன் டமாரிஸ் கேட்டாள்:
"எத்தனை கிராம் தூசி விழுந்தால் விசிறி நிற்கும்?"
தெரியாது.
புத்தகத்திலும் இல்லை, தேடிவிட்டேன்.
நாற்பதாவது நிமிடம் ஒழுங்காகப் பதில் அனுப்பினேன்:
தெரியவில்லை.
வாங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.
மருந்துக்கடைத் தராசு, மாவுச் சல்லடை, தகடு, விசிறி,
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு
சுரங்கத்துக்குப் பின்னாலிருக்கும் செவ்வாய்க்குப் போயிருந்தார்கள்.
சாப்பாட்டு டப்பாக்களை மட்டும் மறந்துவிட்டு.

டப்பாக்களை அடுக்கிக்கொண்டு மேடேறினேன்.
சிவந்த மண்ணில் புதுக் காலடிகள், பதினாறு.
புழுக்கையை மிதித்த ஒன்று, யெர்கோவுடையது.