வலது பக்கம்

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
முகமூடிக்குள் மூச்சு முட்ட
லாக்கருக்கு ஓடி
மறுபடி ஒரு பீச்சல்.
ஏழாவது வாரம்.

மூன்றே நாள் என்று
பெட்டியில் மலாயில் போட்டிருந்தது.
பெட்டியைத்தான் முதலில் எறிந்தேன்.

பிறை மருந்துக்கடை மிஸ் ஊய்
நான்காவது பாட்டிலைத் தரவில்லை.
"சளி போய் ரொம்ப நாளாச்சு,
இப்போ அடைக்கிறதே இதுதான்.
ஒரு பக்கம் முதலில் நிறுத்து"
என்று உப்புநீரை நீட்டினாள்.

வலதுக்கு நிறுத்தினேன்.
வாய்வழியே தூங்கி
தொண்டை மரக்கட்டையானது.
மனைவி தலையணையோடு ஹாலுக்குப் போனாள்.

ஒன்பதாம் விடியலில்
பாலத்தில் மோட்டாரை ஓட்டி வருகையில்
வலதில் மட்டும்
டீசல்,
கடற்சேறு,
யாரோ வதக்கும் பூண்டு.

இடது இன்னும் கேட்கிறது.
பாட்டில்
சட்டைப்பையில்தான் இருக்கிறது.